வேப்பமரத்துக்கு அப்பால் நடக்கிற கூட்டம்

ஒரு ஆடி மாதம், சுமார் அரை மணி நேரம், நான் மாரியம்மனாக இருந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்வதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

உத்திரமேரூரில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். சுற்று வட்டாரத்தில் வீடோ நிலமோ கைமாறினால் அதை எழுதுவது பெரும்பாலும் என் கைதான். அந்தக் கை காலையில் எழுந்ததும் ஆடும். ஒரு கிளாஸ் சாராயம் உள்ளே போனால் நின்றுவிடும். பதினைந்து வருஷமாக இதுதான் ஏற்பாடு. நடுக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்தால்தான் நடுக்கம் என்று கண்டுபிடிக்க, வீட்டில் இரண்டு அலமாரி நிறைய இருந்த புத்தகங்களில் ஒன்றும் எனக்கு உதவவில்லை.

என் மனைவி சரோஜாவின் ஊர் காவாந்தண்டலம். ஆடியில் அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டவன் கூழ் ஊற்றி முடிகிற வரை, எட்டு நாள், சாராயத்தைத் தொடக் கூடாது. ஊர் எல்லையும் தாண்டக் கூடாது. அந்த வருஷம் என் கையில் காப்பைக் கட்டிவிடுவது என்று சரோஜாவும் அவள் தம்பி கோதண்டமும் திட்டம் போட்டார்கள். கோதண்டம் நெல் லாரி ஓட்டுகிறவன். எதையும் நேராகச் செய்கிறவன்.

"எட்டே நாளு மாமா. உன்னால ஆவாதா இன்னா?" என்றான்.

பதினைந்து வருஷ உழைப்புக்கு எட்டு நாள் லீவு எடுத்தால் என்ன என்று நானும் கையை நீட்டினேன்.

முதல் நாள் வேர்வை. இரண்டாம் நாள் காலை கை, மத்தியானம் தாடை, சாயங்காலம் முழு உடம்பும் ஆடத் தொடங்கியது. கோயில் வாசலில் காப்புக் கட்டியவர்களோடு என்னையும் நிற்க வைத்திருந்தார்கள். பம்பை அடி வேகம் பிடித்தது. பம்பைக்கு ஏற்ற மாதிரி நான் ஆடியதாக இன்றும் பாராட்டுகிறார்கள். அது தற்செயல்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கூவினார்கள். கையில் வேப்பிலை வந்தது, கழுத்தில் மாலை விழுந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் காலில் விழுந்தார்கள். என் கையால் எழுதிய பத்திரத்தை எந்தக் காலத்திலும் முழுசாக நம்பாத ஜனம் அது.

"ஆத்தா, ஏரி ரொம்புமா?"

"இன்னா கொறை வச்சோம் தாயே? இன்னா வோணும், வாயத் தொறந்து சொல்லு!" என்றார் பூசாரி.

அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பொய் சொல்லத் தெம்பில்லை.

"சாராயம்" என்றேன்.

பம்பை நின்றது.

"மாரியாத்தா எப்பய்யா சாராயம் கேட்டா?" என்றது ஒரு குரல்.

"இது ஆத்தா இல்ல. வழியில தொத்திகினு வந்த முனி" என்றது இன்னொரு குரல்.

ஆத்தாவா முனியா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதற்குள் எனக்கு வாய் கோணிக்கொண்டது. கீழே விழுந்து இழுக்க ஆரம்பித்தேன். முனி கட்சிக்குப் பலம் கூடிவிட்டது. யாரோ என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களாம். கோதண்டம் அவரைத் தள்ளிவிட்டு என்னைத் தூக்கி லாரியில் போட்டான். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்று நாலு பேர் மறித்தார்கள்.

"ஆத்தாவ நான் அப்பால வந்து பாத்துக்கறேன். வயிய வுடு" என்று சொல்லி வண்டியை எடுத்தானாம்.

இப்படியாக, மாலையும் கழுத்துமாக நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காஞ்சிபுரம் போகிற வழியில் வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேலூர்ப் பக்கம். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். நான் கத்தினேன்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாவது. கல்யாணம், காதுகுத்து மாதிரி."

"தெனமும் எவன் வூட்லியாவது கல்யாணந்தான் டாக்டரம்மா" என்றாள் சரோஜா.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். கல்லீரல் என்பது உடம்பின் வண்ணான்துறை போலிருக்கிறது. உள்ளே வருகிற அழுக்கையெல்லாம் அதுதான் வெளுக்க வேண்டும். பதினைந்து வருஷம் நான் அதன் தலையில் ஊரார் மூட்டையைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

வலிப்பு ஏன் வந்தது என்று கேட்டேன். குடித்தபோது வராத வலிப்பு, சாமிக்காக விட்டபோது வந்தது நியாயமா என்று ஒரு மனக்குறை.

"சாராயம் மூளைய கீழ அமுக்கும். மூளை அதுக்கு எதிரா தெனமும் கயிறு போட்டு இழுத்துக்கிட்டே இருக்கும். பதினஞ்சு வருஷம் இழுத்துப் பழகினவன் கையில, திடீர்னு எதிர்ப் பக்கத்துக் கயிறை அறுத்துவிட்டா என்ன ஆவான்?"

"மல்லாக்க விழுவான்."

"விழுந்தீங்க. கூட யாரும் இல்லாம இப்படித் திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து. நேரா இங்க வந்திருக்கணும்."

குளுகோஸ் ஏற்றுவதற்காக நர்ஸ் சிஸ்டர் என் மணிக்கட்டுக் காப்பை வெட்டக் கத்திரி எடுத்தார். சரோஜா தடுத்தாள். முடிச்சைப் பல்லால் பிரித்து அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். மீதி ஆறு நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. எல்லை தாண்டினது தாண்டினதுதானே என்று கேட்டேன். "அத்த நானும் ஆத்தாவும் பேசிக்கிறோம். நீங்க கைய ஆட்டாம படுங்க" என்றாள். கையை ஆட்டாமல் இருப்பது என் வசத்தில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அவள் துணி எடுத்துவர உத்திரமேரூர் போனாள். வரும்போது அலமாரியிலிருந்த ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மதுவிலக்கு இருந்த காலத்தில், குடிக்காவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் பெர்மிட் கொடுக்கும். தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்து நானும் அப்படி ஒரு சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். 'இவர் மதுவுக்கு அடிமை. மது இல்லாவிடில் இவருக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்.' எத்தனை தைரியமாகப் பொய் எழுதியிருக்கிறார் மனுஷன் என்று நண்பர்களிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன். மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகளைத் திறந்த பிறகும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

"அது பொய் சர்டிபிகேட் டாக்டர்" என்றேன்.

"எழுதினவர் பொய்னு நினைச்சிருக்கலாம். எனக்கு ஒரு வரியும் தப்பாத் தெரியலையே" என்று சொல்லி அதை என் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவிட்டார்.

மூன்றாம் நாள் நடந்தது எனக்கு நினைவில்லை. சொல்லக் கேட்டதுதான். காய்ச்சல், உளறல். குடியை நிறுத்தியவர்களில் சிலருக்கு இப்படி வரும், உயிரும் போகலாம் என்றார்கள். மற்றவர்களுக்குப் பாம்பும் பூச்சியும் தெரியுமாம். எனக்கு முத்திரைத்தாள் தெரிந்திருக்கிறது. படுக்கை விரிப்பின் மேல் விரலால் ஆஸ்பத்திரியை நர்ஸ் சிஸ்டருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கு எல்லைகள் உட்பட. வடக்கே என் மாமியார் வீடு, தெற்கே ஏரிக்கரை. எழுதி முடித்ததும் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்று கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தேனாம். அப்போது கோதண்டம் நெல் லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க வந்திருந்தான். குனிந்து, விரிப்பில் விரலால் தன் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினானாம். பக்கத்துக் கட்டில்காரர் பெருவிரலை ஒற்றினாராம்.

"பதிவு ஆயிடுச்சு சார். இப்ப ஊசி போட்டுக்கலாமா?" என்றாராம் சிஸ்டர்.

கோதண்டத்துக்கு நான் எத்தனையோ பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட அவன் அவ்வளவு மரியாதையாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆஸ்பத்திரி பில்லையும் அவன்தான் கட்டினான். எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால் "டீசல் காசு மாமா" என்கிறான்.

உளறல் போன பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும். நின்றால் நடக்கத் தோன்றும். நடந்தால் எங்கே என்று தெரியாது. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எண்பத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். திரும்பி வந்தால் எண்பது. அந்த இரண்டு எட்டு எங்கே போயிற்று என்று மறுபடி நடப்பேன். ஒரே பேப்பரைத் தேதியிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரை நாலு முறை படித்தேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எதிர்க் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கப் பார்க்க அவர் மேல் கேஸ் போடலாம் போலிருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக நான் என்னோடு தனியாக இருக்கிறேன். ஆள் அப்படியொன்றும் சுவாரசியமில்லை.

பகல் பதினொன்றரைக்கு ரோட்டில் ஒரு லாரி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போகும். நிறுத்த முடியாத நாட்களில் கோதண்டம் அப்படித்தான் விசாரித்துவிட்டுப் போவான். அந்த இரண்டு ஹாரனுக்காக நான் பத்து மணியிலிருந்து ஜன்னலோரம் நின்றிருக்கிறேன். வெளியே சொல்லவில்லை.

பதினோராம் நாள், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், டாக்டரம்மா என்னையும் சரோஜாவையும் உட்கார வைத்தார்.

"கல்லீரல் இப்ப நிறுத்தினா ஓரளவு தேறிடும். மறுபடி ஆரம்பிச்சா, அடுத்த ஆடிக்கு நீங்க இருக்க மாட்டீங்க. சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது."

சரோஜா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். நான் மாத்திரை எழுதித் தரச் சொன்னேன்.

"மறுபடி குடிக்காம இருக்க மாத்திரை என்கிட்ட இல்லை. ஒரு கூட்டம் இருக்கு. குடிச்சு விட்டவங்க, விடப் பார்க்கறவங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இங்கயே பின்கட்டுல கூடுவாங்க. ஊரு, சாதி, தொழில் எதுவும் கேக்க மாட்டாங்க. வாட்ச்மேனைக் கேட்டா இடம் காட்டுவான்."

பேசினால் சரியாகிவிடுமா? நான் பேசிப் பேசியே குடித்தவன். மேலும் எங்கள் ஊர்க் கல்வெட்டில், ஊர்ச்சபைக்கு யார் ஆவான், யார் ஆகமாட்டான் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும் பாவம் செய்தவன் ஆகமாட்டான். கள் குடிப்பதும் அந்தப் பாவங்களில் சேர்த்தி என்று எனக்குப் பாடம் நடத்தியவர் சொல்வார். இப்போது ஒரு சபை கிடைக்கிறது, அதற்கு அதுதான் தகுதி. ஆனாலும் அடுத்த ஆடி என்ற வார்த்தை காதில் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்து பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் எங்கே போகிறாய் என்று சொல்லியாக வேண்டும். மூன்று பேர் கேட்டார்கள். ஒருவரிடம் சர்வே ஆபீஸ் என்றேன். ஒருவரிடம் பல் வலி என்றேன். மூன்றாமவரிடம் என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன். 'குடிகாரர்கள் கூட்டம் எங்கே?' என்று மூன்று வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பத்திரத்தில் 'இன்னாருடைய குமாரர் இன்னார்' என்று ஊரார் விவரத்தையெல்லாம் தயங்காமல் எழுதுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"இங்க... வெள்ளிக்கிழமையில... பின்கட்டுல..." என்று இழுத்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேரா போ சார். ஷெட்டு கீது பாரு, அங்க குந்து. வெக்கப்படாத, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராங்க."

ஷெட்டில் நீள பெஞ்சு. பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. சிலர் வேட்டியைக் கால்வரை இழுத்து விட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் இருந்தாள். பெண்களும் குடிக்கிறார்களே என்று வருத்தப்பட்டேன். இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டு, முழங்கைவரை நடவுச் சேறு காய்ந்திருந்தது. ஏழுமலை, ராஜகுளத்துப் பக்கம் கூலி வேலை என்று அவராகச் சொன்னார்.

"மொதல் தபாவா சார்?"

"ஆமாம்."

"பயப்படாத. சொன்னபடி கேட்டா போயிடும். நான் ஒன்ற வருசமா வந்துகினு கீறேன். நடுவுல ஒரு தபா சரியாப் பூடுச்சுன்னு நின்னுட்டேன். திரும்பவும் கெளம்பிடுச்சு."

இத்தனை பச்சையாக உண்மை பேசுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது.

"வூட்ல சொல்லிட்டியா?"

"தெரியும்."

"எம் பொஞ்சாதி ஆறு மாசம் எனுக்குத் தனித் தட்டு வச்சா சார்."

"எனக்குத் தட்டே வைக்காத நாளும் உண்டு" என்றேன். ஏழுமலை என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை ஊழியர் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சைத் திரித்து உடம்பில் அங்கங்கே தொடுவாராம். தொட்ட இடத்தில் நான் விரலை வைக்க வேண்டும். கையில் சரியாக வைத்தேன். முதுகிலும் சரி. காலுக்குப் போனதும் அவர் தொடுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் பஞ்சு என் பாதத்தின் மேல் இருந்தது.

"எத்தனை வருஷமா?" அவர் முகம் மாறிவிட்டது.

"பதினஞ்சு."

"வீட்ல வேற யாருக்காவது?"

"எங்கப்பாவுக்கு."

"அப்பவே வந்திருக்கலாமே சார். பரவாயில்ல, பயப்படாதீங்க. பெருநோய் இப்பல்லாம் மாத்திரையில குணமாவுது."

வெள்ளிக்கிழமைகளில் அந்த ஷெட் தொழுநோயாளிகளுக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மா வந்து பார்க்கும்வரை வெளியே உட்காரச் சொன்னார். நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். ஏழுமலை எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். பஞ்சு தெரியாத கால் என்னுடையது, தள்ளி உட்கார்ந்ததும் நான்தான்.

ஏழுமலை அந்த ஒரு சாணைப் பார்த்தார். "ஒட்டாது சார். மாத்திரை துன்ன ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்டாது. டாக்டரம்மாவே கையப் புட்சிதான் பாக்கறாங்க" என்றார். கோபமில்லை. பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தச் சாணை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். எழுந்தேன், உட்கார்ந்தேன். ஷெட்டின் தூண்களை எண்ணினேன். சரோஜாவிடம் எப்படிச் சொல்வது, எழுதுகிற கை மடங்கிவிடுமா என்றெல்லாம் ஓடிய மனசு, சட்டென்று ஓர் இடத்தில் போய் நின்றது. பெருநோய் வந்தவன் ஒரு கிளாஸ் குடித்தால் யார் தப்பு சொல்வார்கள்? பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. இந்த யோசனை வந்ததும் எனக்கு ஏறக்குறைய நிம்மதியாகிவிட்டது. இதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. வியாதி வந்த துக்கத்தைவிட சாக்குக் கிடைத்த சந்தோஷம் பெரிதாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டேன்.

எதிரே டாக்டரம்மா.

"நீங்களா? கூட்டத்துக்குப் போகாம இங்க என்ன பண்றீங்க?"

பையைக் கீழே வைத்தேன். அவர் அங்கேயே என்னை உட்கார வைத்துத் தோலைப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவினார். குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். கணுக்காலுக்கு மேலே வந்ததும் "ஆ" என்றேன். மற்ற காலிலும் அதே உயரத்தில் "ஆ".

"இது பெருநோய் இல்லை. பெருநோய்னா தேமல் இருக்கும், நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கும், அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு மரத்திருக்கும். உங்களுக்கு ரெண்டு கால்லயும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே அளவா மரத்திருக்கு. சாராயம் நரம்பை அரிச்சிருக்கு. குடிக்காம, ஒழுங்கா சாப்பிட்டு, வைட்டமின் எடுத்தா மெதுவா திரும்பலாம். குடிச்சா ஏறிக்கிட்டே போகும். வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். வார்த்தையைச் சொல்லாமல் கேட்டேன்."

ஏழுமலைக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "குடிகாரங்க கூட்டமா சார்? அத்த மொதல்லியே கேக்க மாட்ட? தோ, அந்த வேப்பமரத்துக்கு அப்பால!"

வரிசையில் இருந்த அந்தப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்து, "அடப் பாவமே" என்றாள்.

வேப்பமரத்துக்கு அப்பால் நர்ஸ் பள்ளிக்கூடத்தின் பழைய வகுப்பறை. குட்டி பெஞ்சுகளில் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பாடம் நடத்துவதற்கான எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. அதைச் சேர்த்தால் ஒன்பது. ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, 'நான் குடிநோயாளி' என்று சொல்லி, தங்கள் கதையைப் பேசினார்கள். யாரும் இடைமறிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு முறை எழுந்தேன். எச்சில் துப்ப ஒரு முறை.

என் முறை வந்தது. என் பெயரை மட்டும் சொன்னேன். மற்ற வார்த்தையை விட்டுவிட்டு, மாரியம்மன் சாராயம் கேட்ட கதையை எடுத்தேன். நன்றாகவே சொன்னேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். எலும்புக்கூடுகூட காற்றில் கொஞ்சம் ஆடியது. ஆஸ்பத்திரிக் கிரயப் பத்திரத்தையும் விடவில்லை. உட்காரும்போது எனக்கு ஒரு கிளாஸ் போட்ட தெம்பு.

எனக்கு அடுத்து எழுந்தவர் கறுத்து ஒல்லியான விவசாயி.

"எம் பேரு தணிகாசலம். நான் குடிநோயாளி. உட்டு ஏழு மாசம் ஆவுது. சார் ஷோக்கா பேசினாரு. எனுக்கும் ஒரு பத்திரக் கதை கீது. மூணு வருசத்துக்கு மின்ன கொஞ்சம் நெலம் வாங்கினேன். எழுதச் சொன்ன நானும் குட்ச்சிருந்தேன், எழுதனவரும் குட்ச்சிருந்தாரு. கெழக்கால ஏரி, மேக்கால எங்க பங்காளி நெலம். அவரு கெழக்கு மேக்கு மாத்தி எழுதிட்டாரு. காயிதப்படி எந் நெலம் ஏரிக்கு அந்தாண்ட கரையில குந்திகினு கீது. பங்காளி காயிதத்தக் காட்டி வரப்ப வெட்டிட்டான். நான் குட்ச்சிட்டுப் போயி அவன் மண்டைய ஒடச்சிட்டேன். அவனுக்கு இன்னிக்கும் ஒரு காது கேக்காது. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன்."

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுதனவரு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். இங்க அத்தெல்லாம் சொல்லக் கூடாது" என்றார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் மறுபடி எழுந்தேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது. பை கையில் இருந்தது. வெளியே போனால் பஸ் நிறுத்தம், அதற்கு எதிரே கடை. எல்லாம் வரிசையாக ஏற்பாடாகி இருந்தது. போவதற்காகத்தான் எழுந்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் எழுந்தவனைப் பேச எழுந்தவன் என்று நினைத்துக்கொண்டு எட்டு முகங்களும் என் பக்கம் திரும்பிவிட்டன.

"எழுதினது நான்தான்" என்றேன். பிறகு என் பெயரை மறுபடி சொன்னேன். அதோடு, முன்பு விட்டுப்போன வார்த்தையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் தணிகாசலம் என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தார். அவர் ஊர் கூரம். அவர் பஸ் எதிர்த் திசையில். கடையிலிருந்து வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. பஞ்சு தெரியாத என் காலுக்குக் கடை இருக்கிற திசை நன்றாகத் தெரிந்தது. தணிகாசலம் நகர்ந்து கடைக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"சார், பஸ்ஸு வர்ற வரிக்கும் என் நெலத்து எல்லைய சொல்லு. சரியா சொல்லணும்."

"கிழக்கே ஏரி" என்றேன்.

"உம்."

"மேற்கே உங்கள் பங்காளி நிலம். வடக்கே..."

"வடக்கால வாய்க்கா. தெக்கால வண்டிப்பாட்டை. திரும்பச் சொல்லு."

பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷமும் நான் நான்கு எல்லைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் நிலத்தை முதல்முறையாகச் சரியான இடத்தில் வைத்தேன். அன்று குடிக்கவில்லை. அடுத்த வாரம் பிழைதிருத்தல் பத்திரம் எழுதினேன். கிளாஸ் இல்லாமல் எழுதியதால் கை ஆடியது. ஒரு பக்கத்துக்கு அரை நாள் பிடித்தது. அந்த எழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பையன் எழுதியது போலிருக்கும். கிழக்கு மட்டும் கிழக்கில் இருந்தது. பங்காளியின் காதுக்குப் பிழைதிருத்தல் இல்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பஸ்ஸில் எங்கே என்று கேட்பவர்களிடம் 'கூட்டத்துக்கு' என்று சொல்லப் பழகினேன். என்ன கூட்டம் என்று கேட்டால் அதையும் சொல்கிறேன். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

டாக்டரம்மா சொன்ன அடுத்த ஆடி வந்தது. நானும் இருந்தேன். காவாந்தண்டலத்தில் எனக்குக் காப்புக் கட்ட மாட்டேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். முனி பிடித்த ஆள் என்று கணக்கில் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. கூழ் மட்டும் ஊற்றினார்கள்.

அந்த மாதத்தில் ஒருநாள் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் ஏழுமலை. புதுத் துண்டு, முகத்தில் தெளிவு. பக்கத்தில் இடம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் பெஞ்சில் விட்ட ஒரு சாண் நினைவுக்கு வந்தது. இந்த முறை இடம் விடாமல், தோள் இடிக்க உட்கார்ந்தேன். அதை அவர் கவனிக்க வேண்டும் என்றும் விரும்பினேன்.

"இன்னா சார், கால் எப்டி கீது?"

"பாதி வந்துவிட்டது. ஒரு வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை" என்றேன், அவர் கேட்காமலே. "உங்களுக்கு?"

"எனுக்கு முட்ஞ்சிடுச்சு சார். இனிமே வர வாணாம்னு டாக்டரம்மா கார்டுல எய்திக் குட்த்துட்டாங்க. நீ இன்னும் போய்கினுதான் கீறியா?"

"வாராவாரம்."

"எத்தினி நாளிக்கி?"

"ஆயுசு முழுக்க."

 ஏழுமலை துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டார்.

"கொஞ்சம் தள்ளியே குந்து சார். என்னுது மாத்திரையில போற வியாதி. உன்னுதுதான் பக்கத்துல குந்தறவனுக்கும் ஒட்டிக்கும்."